நல்ல கடையும் பெயர் சொல்லாக் கடையும்: வேலூர் லாங் பஜார் வட்டார உணவக மதிப்பீட்டுப் பேச்சு – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊரில் எந்த உணவகம் சிறந்தது, எது தவிர்க்கத்தக்கது என்னும் பேச்சு அன்றாட வழக்கில் இடையறாது நிகழ்வது. வேலூர் லாங் பஜாரையும் அதனைச் சூழ்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழில் வட்டாரத்தையும் களமாகக் கொண்டு, இப்பேச்சின் மொழியமைப்பையும் அளவுகோல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பாராட்டு எதிர்மறை வாய்பாட்டிலும், கண்டனம் இறந்தகால வாய்பாட்டிலும் அமைவதையும், தீர்ப்பு எப்போதும் 'யாருக்கு, எப்போது' என்னும் வரையறையோடு வருவதையும் இது எடுத்துக்காட்டுகிறது. இவ்வழக்கு ஆற்றுப்படை மரபோடு அமைப்பொப்புமை உடையது. வரையறைகளை நீக்கி ஒற்றைப் பட்டியலாக்கும் முயற்சியில் ஒரு பகுதி மக்களின் உணவே பார்வையிலிருந்து விலகிவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். 2022ஆம் ஆண்டு ஆம்பூர் பிரியாணித் திருவிழா தொடர்பான நிகழ்வுகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லாங் பஜார், ஆம்பூர் பிரியாணி, மதிப்பீட்டுப் பேச்சு, ஆற்றுப்படை, உணவு அரசியல், தோல் தொழில் வட்டாரம்.

1. முன்னுரை

தமிழில் உணவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று திசைகளில் நடந்துள்ளன. சங்க இலக்கியம் காட்டும் உணவு வகைகளைத் தொகுப்பன ஒரு வகை. சடங்கு, வழிபாடு சார்ந்த உணவை நாட்டார் வழக்காற்றியல் நோக்கில் காண்பன மற்றொரு வகை. ஒரு பண்டத்தின் வரலாற்றைச் சமூக வரலாறாக எழுதுவன மூன்றாம் வகை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' மூன்றாம் வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. உணவகத்தைப் பற்றி மக்கள் பேசும் பேச்சே ஒரு வழக்காறு என்ற நோக்கில் அமைந்த ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு.

"எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?" என்ற வினாவுக்கு ஊரார் தரும் விடையில் சுவை பற்றிய செய்தி மட்டும் அடங்குவதில்லை. வினவுபவர் யார், அவர் எதை உண்பார், எவ்வளவு செலவிடுவார், எந்தத் தெருவில் நுழையத் தயங்குவார் என்னும் கணிப்புகளெல்லாம் அவ்விடையில் உறைந்துள்ளன. சுவையுணர்வு தனிமனித விருப்பம் போலத் தோன்றினாலும் அது வர்க்கப் பின்புலத்தால் உருவாக்கப்படுவது என்பதைப் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். 1981இல் அர்ஜுன் அப்பாதுரை தமிழ்ப் பிராமணக் குடும்பங்களையும் திருமண விருந்தையும் கோயிலையும் ஆராய்ந்து, உணவுப் பரிமாற்றம் தகுதியும் உரிமையும் பற்றிய போட்டியாகச் செயல்படுவதைக் காட்டினார். வீடு, விருந்து, கோயில் என்னும் அம்மூன்று களங்களோடு நான்காவதாகக் கடைத்தெருவைச் சேர்த்துக் காண்பது பயனுடையது.

பேச்சு வழக்கில் பரவலாக வழங்கும் தொடர்களையே இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. உணவகங்களைத் தரவரிசைப்படுத்துவது இதன் நோக்கமன்று. தரவரிசை எவ்வாறு பேச்சில் உருவாகிறது என்பதே ஆய்வுப் பொருள்.

2. களம்: லாங் பஜாரும் தோல் தொழில் வட்டாரமும்

வேலூர்க் கோட்டைக்கு அண்மையில் அமைந்த லாங் பஜார் நகரின் பழைய வணிகத் தெருக்களுள் ஒன்று. நேதாஜி மார்க்கெட்டும் மண்டித் தெருவும் இதனோடு இணைந்த வணிகப் பரப்பில் உள்ளன. காய்கறி, மளிகை, தானியம் ஆகியவற்றின் மொத்த வணிகம் நடக்கும் இடமாதலால் இங்குப் பொழுது விடியுமுன்னரே வேலை தொடங்குகிறது. சுமைதூக்கும் தொழிலாளர், மண்டிக் கணக்கர், சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து சரக்கோடு வரும் உழவர், சில்லறைக் கடைக்காரர் ஆகியோர் இத்தெருவின் நாள்தோறும் உண்போர்.

சிறிது தொலைவில் வேறோர் உண்போர் கூட்டம் உள்ளது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் முதலான இடங்களிலிருந்து நோயாளிகளும் உடன் வருவோரும் இங்கு வந்து நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தங்குகின்றனர். எனவே காந்தி சாலை, பாபுராவ் தெருப் பகுதிகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்களும், மீனும் சோறும் வங்காள முறையில் சமைத்துத் தரும் விடுதிகளும் பெருகின. தாமே சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள தங்குமிடங்களும் உண்டு. அங்குத் தங்குவோர் காய்கறிக்கும் மளிகைக்கும் கடைத்தெருவை நாடுகின்றனர்.

மூன்றாவது கூட்டம் நெடுஞ்சாலை வழியாக வருவது. வேலூருக்கு மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள ஆம்பூரும் அதனையடுத்த வாணியம்பாடியும் சென்னை – பெங்களூரு சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்தவை. தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் இவ்வூர்களின் முதன்மைத் தொழில்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்கு உரியனவாயின. நிருவாக எல்லை மாறினும் தொழில், உறவு, உணவு ஆகியவற்றால் இவ்வட்டாரம் ஒன்றாகவே இயங்குகிறது. உருது பேசும் முஸ்லிம்கள், தமிழ் முஸ்லிம்கள், தலித்துகள், பிற சமூகத்தினர் என்று பல்வேறு மக்கள் தோல் தொழிலின்வழி ஒருவரையொருவர் சார்ந்து வாழும் பகுதி இது. பேரணாம்பட்டைச் சார்ந்த அழகிய பெரியவனின் புனைவுகள் இவ்வட்டாரத் தலித் வாழ்வை நவீனத் தமிழிலக்கியத்தில் பதிவு செய்துள்ளன.

ஆக, ஒரே வட்டாரத்தில் அன்றாடம் உண்ணும் தொழிலாளர், தங்கி உண்ணும் நோயாளர், கடந்து செல்லும் பயணியர் என மூவகை உண்போர் உள்ளனர். 'நல்ல கடை' என்னும் சொல் இம்மூவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

3. மதிப்பீட்டுப் பேச்சின் மொழியமைப்பு

3.1 எதிர்மறை வாய்பாட்டில் பாராட்டு

வட்டாரப் பேச்சில் ஓர் உணவகத்தைப் பற்றிய மிக உயர்ந்த பாராட்டு, "ரொம்ப ருசி" என்பதன்று. "வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது" என்பதாகும். "குறை சொல்ல முடியாது", "நம்பிப் போலாம்", "கலப்படம் இருக்காது" என்பனவும் இவ்வகையின. சுவை ஒருவேளைக்கு உரியது; நம்பகம் நாள்தோறும் சோதிக்கப்படுவது. அன்றாடம் கடையில் உண்போர் வழக்கில் தீங்கின்மையே முதல் தகுதியாதலின், பாராட்டு எதிர்மறை வினையைப் பற்றிக்கொள்கிறது.

இதற்கடுத்த நிலையில் "சாப்பிடலாம்" என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது. இசைவுப் பொருள் தரும் '-லாம்' ஈறு இங்கு இசைவைக் குறிக்காது நடுத்தர மதிப்பெண்ணைக் குறிக்கிறது. "சாப்பிடலாம்" என்று நிறுத்தியும் "தாராளமா சாப்பிடலாம்" என்று அடைகொடுத்தும் கூறுவதற்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. "அவசரத்துக்குச் சாப்பிடலாம்" என்றால் அது பரிந்துரையன்று, எச்சரிக்கை.

3.2 இறந்தகால வாய்பாட்டில் கண்டனம்

மோசமான உணவகத்தை ஊரார் பெயர் சுட்டிப் பழிப்பது அரிது. கடைக்காரர் அண்டை வீட்டார்; அல்லது மண்டியில் சரக்கெடுப்பவர்; அல்லது உறவினருக்கு வேண்டியவர். எனவே கண்டனம் வேறு வடிவம் கொள்கிறது. "முன்ன நல்லா இருந்துச்சு" என்பது அவ்வடிவங்களுள் தலையாயது. இத்தொடர் கடந்தகாலத்தைப் புகழ்வது போலத் தோன்றி நிகழ்காலத்தை மறுக்கிறது. கடையின் மானத்தைக் காத்து, கேட்பவரின் வயிற்றையும் காக்கிறது. "கை மாறிடுச்சு", "மாஸ்டர் மாறிட்டாரு", "பெரியவர் இருந்தவரைக்கும் சரி" என்பன காரணம் கற்பிக்கும் துணைத்தொடர்கள். பழி மனிதர்மேல் விழாது மாற்றத்தின்மேல் விழுகிறது.

இன்னொரு வடிவம் மௌனம். மூன்று கடைகள் உள்ள தெருவில் இரண்டை மட்டும் சொல்லி நிறுத்துவதே மூன்றாவதைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். எனவே, 'மிக மோசமான கடை எது?' என்ற நேர்வினாவுக்கு இவ்வழக்காற்றில் விடையில்லை. அவ்விடை சொல்லப்படாமையால் அறியப்படுகிறது. எழுத்துப் பட்டியல்கள் 'சிறந்தவை', 'மோசமானவை' என இரு நிரல்களை வேண்டும்போது, பேச்சு வழக்கின் இந்த நாகரிகம் இழக்கப்படுகிறது.

3.3 பெயரில் அடங்கிய தீர்ப்பு

உணவகங்களின் பெயர்ப்பலகைகளும் மக்கள் இட்டு வழங்கும் பெயர்களும் பெரும்பாலும் வேறுபடும். பலகையில் எப்பெயர் இருப்பினும் "பாய் கடை", "நாயர் கடை", "அய்யர் கடை" என்றே பேச்சில் சுட்டுவது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். "பாய் கடை பிரியாணி" என்னும் தொடரில் சமூகப் பெயர் தரச்சான்றாக நிற்கிறது. 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகைத் தொடரில் 'உயர்தர' என்னும் அடை சைவத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அசைவ உணவகத்திற்கு அவ்வடை அத்துணை எளிதாகக் கிட்டுவதில்லை. அதற்கு 'மிலிட்டரி ஹோட்டல்' என்னும் வேறு பெயர் அமைந்தது. தெருவோரத் தள்ளுவண்டிக்கோ 'பவன்' என்னும் பெருமைச் சொல்லையே பகடியாக்கிக் 'கையேந்தி பவன்' என மக்கள் பெயர் வைத்தனர். தட்டைக் கையிலேந்தி நின்றபடி உண்ணும் நிலையை அப்பெயர் எள்ளலோடு ஏற்றுக்கொள்கிறது.

பெயர்ப்பலகை வெறும் அடையாளமன்று என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. உணவகப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இடம்பெறுவதை எதிர்த்து 1957இல் பெரியார் தலைமையில் சென்னையில் போராட்டம் நடந்தது. சாதிப்பெயரே தரத்தின் பெயராகச் செயல்பட்டதை அப்போராட்டம் வெளிப்படையாக்கியது. பலகையிலிருந்து அச்சொல் நீங்கியபின்னும், 'சுத்தமான கடை' என்னும் பேச்சு வழக்கில் 'சுத்தம்' என்பது துப்புரவை மட்டும் குறிக்கிறதா, உண்போரும் சமைப்போரும் யார் என்பதையும் குறிக்கிறதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

4. அளவுகோல்கள்

4.1 நேரமும் தட்டும்

ஆம்பூர் முறைப் பிரியாணியில் சீரகச் சம்பா அரிசி பயன்படுகிறது. காய்ந்த மிளகாய் விழுது, தயிர், இஞ்சி, பூண்டு, தக்காளி, வெங்காயம், புதினா, கொத்துமல்லி ஆகியவற்றோடு கறியை வேகவைத்து, பாதி வெந்து வடித்த அரிசியை அதில் சேர்த்து, தேக்சாவை மூடி, மூடியின்மேல் நெருப்புத் துண்டங்களை இட்டுத் 'தம்' போடுவது வழக்கமான முறை. பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் வருவது இவ்வட்டார அடையாளம். இத்தொக்கு ஒரு வேளாண் வட்டாரத்தையும் உடன் கொணர்கிறது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

தம் முறையில் ஒரே தேக்சாவின் அடித்தட்டும் மேல்தட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடியில் கறிச்சாறும் எண்ணெயும் தங்கும். மேலே சோறு உதிர்ந்து நிற்கும். எனவே தேர்ந்த உண்போர் 'எந்தக் கடை' என்று மட்டும் கேட்பதில்லை. 'எத்தனை மணிக்கு' என்றும் கேட்கின்றனர். பகல் பன்னிரண்டு மணிக்குச் சிறந்த கடை மூன்று மணிக்கு அவ்வாறு இராது. "முதல் தேக்சா உடைக்கும்போது போங்க" என்பது போன்ற பரிந்துரையில் கடையைவிட வேளையே முதன்மை பெறுகிறது.

இவ்வட்டாரத்தில் மற்றொரு நுட்பமான அளவுகோல் 'குஸ்கா'. கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறே குஸ்கா. கறியின் மென்மையோ அளவோ குறையை மறைக்க வழியில்லாத நிலையில், சோறு மட்டும் தன் தகுதியைக் காட்டவேண்டும். விலை குறைந்த இவ்வுணவு கூலித்தொழிலாளரின் பசியாற்றுவது. சமையலின் உண்மைத் தரத்தைக் காட்டுவதும் அதுவே. ஆயினும் 'சிறந்த உணவு'ப் பட்டியல்களில் குஸ்கா இடம்பெறுவது அரிது.

4.2 விற்கப்படாத உணவே உரைகல்

கடைப் பிரியாணியை மதிப்பிடும்போது ஊரார் வேறொரு கடையோடு ஒப்பிடுவதினும், கல்யாண வீட்டோடு ஒப்பிடுவது மிகுதி. "பாய் வீட்டுக் கல்யாண பிரியாணி மாதிரி இருக்கு" என்பது கடைக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு. அழைப்பின்றி உண்ண இயலாத, விலைக்குக் கிட்டாத உணவே இங்கு உரைகல்லாக அமைகிறது. சந்தை உணவின் தரத்தைச் சந்தைக்கு வெளியிலுள்ள விருந்து தீர்மானிக்கிறது என்னும் இம்முரண், உணவகத் தரவரிசைகள் ஏன் ஊராரை ஒருபோதும் முழுமையாக நிறைவு செய்வதில்லை என்பதை விளக்குகிறது. மேலும், அவ்வழைப்பைப் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்னும் சமூக உறவும் இவ்வொப்பீட்டில் மறைந்துள்ளது.

4.3 கையும் கணக்கும்

லாங் பஜார் தொழிலாளர் வழக்கில் 'கை தாராளம்' என்பது தனிப் பண்பு. இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் முகம் சுளிக்காமை, பொட்டலத்தில் அளவு குறையாமை, சில்லறைக்குத் தகராறு செய்யாமை ஆகியன இதனுள் அடங்கும். இதனினும் மேலானது கணக்கு. வாரக்கூலி வரும்வரை நோட்டில் எழுதிச் சோறு போடும் கடை, சுவையில் நடுத்தரமானதாயினும், தொழிலாளருக்கு 'நல்ல கடை'. மதிப்பிடப்படுவது உணவு மட்டுமன்று. உணவிடுபவரின் நம்பிக்கையும் மதிப்பிடப்படுகிறது. வழிப்பயணியின் தீர்ப்பில் இவ்வளவுகோலுக்கு இடமே இல்லை. அவருக்குக் கணக்கு எழுதுவார் எவருமில்லை.

மருத்துவமனைக்கு வந்து தங்குவோரின் அளவுகோல் மேலும் வேறானது. காரமின்மை, எண்ணெய்க் குறைவு, தங்குமிடத்துக்கு அண்மை, தம் மொழியில் பேசும் பரிமாறுநர் ஆகியனவே அவர்க்கு முதன்மை. ஊராரால் "சப்புனு இருக்கும்" என ஒதுக்கப்படும் உணவு, நோயாளிக்கு வேண்டிய உணவாகிறது. ஒரே கடை ஒரே நாளில் ஒருவர் வாயில் குறையும் மற்றொருவர் வாயில் நிறையுமாவது இதனாலேயே.

4.4 தண்ணீர்

சுவையின் காரணத்தைத் தண்ணீர்மேல் ஏற்றிச் சொல்வது தமிழகத்தில் பரவலான வழக்கு. "அந்த ஊர்த் தண்ணிக்குத்தான் அந்த ருசி" என்னும் விளக்கம் பல ஊர்ப் பண்டங்களுக்கும் தரப்படுகிறது. பாலாற்றுப் படுகையில் இவ்விளக்கம் தனிக்கனம் பெறுகிறது. தோல் ஆலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் மாசடைந்தது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு விளைவித்தோரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. தண்ணீர் சுவையின் காரணமாகப் புகழப்படும் வழக்கும், தண்ணீர் வழக்குப்பொருளாகிய வரலாறும் ஒரே நிலத்தில் உடனிருக்கின்றன. "தண்ணி நல்லா இருக்குமா?" என்று உணவகத்தைப் பற்றி முதலில் கேட்பது இவ்வட்டாரத்தில் வெறும் சம்பிரதாய வினாவாகக் கொள்ளத்தக்கதன்று.

5. ஆற்றுப்படையும் கடை காட்டலும்

ஒருவர் தாம் பெற்ற நல்லுணவை மற்றொருவர்க்குச் சொல்லி வழிகாட்டும் பேச்சு, தமிழிலக்கிய மரபில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பரிசில் பெற்று மீளும் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் எதிர்ப்பட்ட இரவலரை ஆற்றுப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் மூன்று இன்றைய வடதமிழகத் தலைவர்களைச் சார்ந்தவை. பெரும்பாணாற்றுப்படை காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனையும், சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனையும், மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னனையும் பாடுகின்றன. செங்கண்மா எனப்படும் செங்கம், 1989இல் வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்படும்வரை வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மாவட்டத்திலேயே இருந்தது.

இப்பாடல்களின் உணவுச் செய்திகள் ஒரு முறைமையைப் பின்பற்றுகின்றன. இன்ன ஊரை அடைந்தால் இன்னார் சமைத்த இன்ன உணவைப் பெறுவீர் என்பது அம்முறைமை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீனும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோற்றோடு ஆமானின் சுட்ட இறைச்சியும், ஆமூரில் உழவர் மகளிர் தரும் வெண்சோற்றோடு நண்டும் சொல்லப்படுகின்றன. இங்குக் கூறப்படும் வேலூர் ஓய்மானாட்டைச் சார்ந்தது. இன்றைய வேலூர் மாநகரோடு அதனை ஒன்றாகக் கொள்ளலாகாது. ஆமூரை ஆம்பூரோடு இணைப்பதற்கும் ஒலியொப்புமையன்றி வேறு அடிப்படையில்லை. பெரும்பாணாற்றுப்படையோ எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பல குடியிருப்புகளின் உணவை அடுத்தடுத்து வைக்கிறது. எயினர் குடிலின் இறைச்சியும், அந்தணர் மனையில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய்க் கறியும் ஒரே பாட்டுள், ஒரே வழியில், ஒரே பாணனுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன.

கடைத்தெரு வழிகாட்டலுக்கும் ஆற்றுப்படைக்கும் உள்ள அமைப்பொப்புமைகள் மூன்று. முதலாவது, சொல்பவர் தாம் உண்டவர். பட்டறிவே அவரது உரிமைச் சான்று. இரண்டாவது, கேட்பவரின் நிலை கருதியே வழி சொல்லப்படுகிறது. மூன்றாவது, உணவு அதனைச் சமைத்தவரோடும் இடத்தோடும் சேர்த்தே குறிக்கப்படுகிறது. வேற்றுமையும் உண்டு: ஆற்றுப்படையில் உணவு கொடை, கடைத்தெருவில் அது விலைப்பொருள். முன்னதில் தலைவனைப் புகழ்வது நோக்கம். பின்னதில் கேட்பவரைக் காப்பது நோக்கம். எனவே இன்றைய பேச்சு ஆற்றுப்படையின் நேர்வழித் தொடர்ச்சி என்று கொள்வதற்கில்லை. ஒரே தேவையிலிருந்து எழுந்த ஒத்த வடிவம் எனலாம்.

ஆயினும் ஓர் இலக்கணம் இருவகைக்கும் பொது. ஆற்றுப்படை நிலங்களின் உணவுகளை நிரலாக வைக்கிறதேயன்றி, ஒன்றை உயர்த்தி மற்றொன்றை நீக்குவதில்லை. ஆமானின் இறைச்சி அதன் நிலத்துக்குரிய விருந்தாக நிற்கிறது. 'இங்கே இது, அங்கே அது' என்பதே அதன் வாய்பாடு. 'இதுவே சிறந்தது' என்னும் ஒற்றைத் தீர்ப்பு அவ்வாய்பாட்டுக்குப் புறம்பானது.

6. பட்டியலும் விலக்கும்

நெடுஞ்சாலைப் பயணியரின் பெருக்கத்தால் 'ஆம்பூர் பிரியாணி' என்னும் பெயர் ஊரின் எல்லையைக் கடந்தது. 1890ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் குறிப்பிடும் ஸ்டார் பிரியாணி முதலான உணவகங்கள் கிளைகளாகப் பெருகின; பிற மாவட்டங்களிலும் 'ஆம்பூர் பிரியாணி' என்ற பலகை தாங்கிய கடைகள் தோன்றின. ஊரின் பெயர் ஒரு பண்டத்தின் அடைமொழியாயிற்று. அதனோடு வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தனிப்பெருமைகள் அப்பெயரின் நிழலில் மறைந்தன. இப்பிரியாணியை ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்கட்டோடு இணைக்கும் வாய்மொழி வரலாறும் இப்பெயரோடு பரவியது. அரண்மனைத் தொடர்பு ஓர் உணவுக்கு மதிப்பைக் கூட்டுகிறது. அதே உணவைத் தள்ளுவண்டியில் விற்பவருக்கும் தொழிற்சாலை வாயிலில் உண்பவருக்கும் அவ்வரலாற்றில் இடமில்லை.

இந்நிலை வெளிப்படையான பூசலாக உருவெடுத்தது 2022இல். திருப்பத்தூர் மாவட்ட நிருவாகம் அவ்வாண்டு மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்துவதாக அறிவித்தது. பல்வகைப் பிரியாணிகள் இடம்பெறவிருந்த அவ்விழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்ற செய்தி எதிர்ப்பை எழுப்பியது. தலித், முஸ்லிம் அமைப்புகளும் கட்சிகளும் கண்டனம் தெரிவித்தன. மழை முன்னறிவிப்பைக் காரணமாகக் குறிப்பிட்டு விழா ஒத்திவைக்கப்பட்டது. இவ்விலக்கலை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது எனத் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கோரியது.

இந்நிகழ்வைச் சட்டம், நிருவாகம் என்னும் நோக்குகளில் ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மதிப்பீட்டுப் பேச்சு என்னும் நோக்கில் அது மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, விழா என்பது பட்டியலின் பெருவடிவம். ஊர்ப் பேச்சில் 'யாருக்கு' என்ற வரையறையோடு சொல்லப்படும் தீர்ப்பு, விழாவில் வரையறையின்றி 'ஊரின் உணவு' என அறிவிக்கப்படுகிறது. இரண்டாவது, பேச்சில் மௌனம் கடைக்காரரின் மானத்தைக் காக்கும் நாகரிகமாகச் செயல்பட்டது. பட்டியலிலோ அதே மௌனம் உண்போரின் மானத்தைப் பறிக்கும் விலக்காக மாறியது. சொல்லாமை என்னும் ஒரே செயல் இடம் மாறியதால் பொருள் மாறிய தன்மை இங்குக் கருதத்தக்கது. மூன்றாவது, தோலும் இறைச்சியும் ஒரே விலங்கிலிருந்து கிடைப்பவை. தோலால் பெயர்பெற்ற ஒரு வட்டாரம் தன் சிறப்பைக் காட்சிக்கு வைக்கும்போது, பதனிட்ட தோல் ஏற்றுமதிப் பெருமையாகவும், அவ்விலங்கின் இறைச்சி மறைக்கவேண்டிய ஒன்றாகவும் கருதப்படுமாயின், அத்தோலில் உழைக்கும் மக்களின் உணவே மறைக்கப்படுகிறது.

இவ்வட்டாரத்தில் 'பெரிய கறி' என்றும் 'பீஃப்' என்றும் வழங்கும் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியைவிட விலை குறைந்தது. தலித் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பிறருக்கும் எளிதில் கிட்டும் புரத உணவு. மாலைநேர வண்டிகளில் பிரியாணியாகவும் சுக்காவாகவும் அது விற்பனையாகிறது. 'பெரிய கறி' என்னும் இடக்கரடக்கல் வழக்கே, பெயரைச் சொல்லத் தயங்கவேண்டிய சூழலை மொழியில் பதித்துள்ளது. அக்கடைகளைப் பற்றியும் 'வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது', 'முன்ன நல்லா இருந்துச்சு' என்னும் அதே இலக்கணத்தில் அதே நுட்பத்தோடு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. அவை ஊருக்குள் வழங்குகின்றன; ஊரின் பெயரால் வெளியே அறிவிக்கப்படுவதில்லை.

விலக்கு இறைச்சி வகையோடு நிற்பதுமில்லை. ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பான்மையர் பெண்கள். அவர்கள் கடையில் அமர்ந்து உண்பதினும் வீட்டிலிருந்து கொணர்ந்த சோற்றை உண்பதும், வீடு திரும்பும் வழியில் பொட்டலம் கட்டி வாங்குவதும் பொருந்தும் வழக்கம். கடைக்குள் அமர்ந்து உண்டவரின் பேச்சே 'ஊர்க் கருத்து' எனக் கொள்ளப்படும்போது, பொட்டலத்தைப் பிரித்து வீட்டாருக்குப் பங்கிட்டவரின் மதிப்பீடு பதிவாவதில்லை. ஆறிய பின்னும் சோறு நன்றாயிருந்ததா, நால்வருக்குப் போதுமானதா என்பன அவர்தம் அளவுகோல்கள்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

உணவகம் பற்றிய ஊர்ப் பேச்சு ஒழுங்கற்ற கருத்துக் குவியலன்று. வரையறுத்த மொழியமைப்புடைய வழக்காறு. அதில் பாராட்டு எதிர்மறையிலும், கண்டனம் இறந்தகாலத்திலும் மௌனத்திலும் வெளிப்படுகின்றன.

'நல்ல கடை' என்பது உண்பவர், வேளை, விலை, நம்பிக்கை ஆகியவற்றைப் பொறுத்த தீர்ப்பு. சுமைதூக்குவோர், நோயாளர், வழிப்பயணி ஆகிய மூவர்க்கும் லாங் பஜார் வட்டாரத்தில் மூன்று வேறு 'நல்ல கடைகள்' உண்டு. அவற்றுள் நூலிலும் விளம்பரத்திலும் நிலைபெறுவது பெரும்பாலும் வழிப்பயணியின் தீர்ப்பே.

கடை காட்டும் பேச்சு, உண்டவர் உண்ணவிருப்பவர்க்கு வழிசொல்லும் ஆற்றுப்படை மரபோடு அமைப்பில் ஒத்தது. நிலந்தோறும் மாறும் உணவை உயர்வு தாழ்வின்றி நிரல்படுத்தும் அம்மரபின் பண்பு, இன்றைய உணவு ஆவணப்படுத்தலுக்கும் உணவு விழாக்களுக்கும் பொருத்தமான முன்மாதிரியாகும்.

வரையறைகளை நீக்கிய பட்டியல் எதை உயர்த்துகிறது என்பதைப் போலவே, எதைச் சொல்லாது விடுகிறது என்பதும் ஆய்வுக்குரியது. குஸ்கா, மாட்டிறைச்சிப் பிரியாணி, கணக்கு எழுதும் கடை, பொட்டலச் சோறு ஆகியன இவ்வட்டாரத்தில் பெரும்பான்மை மக்களின் பசியாற்றுவன. ஆயினும் 'சிறந்தவை' என்னும் தலைப்பின்கீழ் வருவதில்லை.

வட்டார உணவு வழக்காறுகளைத் தொகுக்க முற்படுவோர், பண்டங்களின் பெயரையும் செய்முறையையும் மட்டுமன்றி, அவற்றை உண்போர் வழங்கும் தீர்ப்புச் சொற்களையும், அச்சொற்கள் யாரிடம் யாரால் சொல்லப்பட்டன என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். உருதுவும் தமிழும் வங்காளமும் கலந்து வழங்கும் வேலூர்க் கடைத்தெருவில் இத்தகைய தொகுப்புக்கு வாய்ப்பு மிகுதி. மண்டி வேலை முறையும் கடைகளின் தலைமுறையும் மாறிவரும் இக்காலத்தில் அப்பணி காலந்தாழ்த்தத்தக்கதன்று.